180 அடி வேலியும் 27 ஹோம் ரன்களும்

கொஞ்ச நாளாகவே ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் புரட்டுவது வழக்கமாகிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். கிரிக்கெட் ஸ்கோர் கார்டு பார்த்து வளர்ந்தவனுக்கு எண்கள் வரிசையாக நின்றால் போதும், ஆட்டம் எதுவாக இருந்தாலும் சரி.

அப்படிப் புரட்டும்போது ஒரு வரிசை கண்ணில் பட்டது. அமெரிக்காவின் நேஷனல் லீக் 1876-ல் ஆரம்பித்தது. அந்த வருஷத்திலிருந்து 1885 வரை, ஒவ்வொரு சீசனிலும் அந்த லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தவரின் கணக்கு இது:

5, 4, 4, 9, 6, 8, 7, 10, 27, 11.

ஒன்பதாவது எண்ணைப் பாருங்கள். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. 1884-ல் அந்த 27-ஐ அடித்தவர் சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் நெட் வில்லியம்சன். அதற்கு முந்தைய வருஷம் அவர் அடித்தது 2. அடுத்த வருஷம் அடித்தது 3. ஆனால் அந்த 27 என்ற சாதனை 35 வருஷம் அசையாமல் நின்றது. 1919-ல் பேப் ரூத் வந்துதான் அதை உடைத்தார்.

ஒரே ஒரு வருஷம் மட்டும் இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில், ஹோம் ரன் என்ற சொல்லுக்கே அந்தக் காலத்தில் வேறு அர்த்தம் இருந்தது என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓடி எடுத்த ஹோம் ரன்

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மைதானத்தில் வைர வடிவத்தில் நான்கு முனைகள், அவைதான் பேஸ்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பேட்டர் கடைசி முனையான ஹோமில் நின்று அடிக்கிறார். அடித்துவிட்டு முதல் பேஸ் வரை ஓடி நின்றால் சிங்கிள், இரண்டாவது வரை போனால் டபுள், மூன்றாவது என்றால் டிரிபிள். ஒரே அடியில் நான்கையும் சுற்றி, 360 அடி ஓடி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஹோம் ரன்.

இன்றைக்கு ஹோம் ரன் என்றால் நம்ம சிக்ஸர் மாதிரி. பந்து வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழும், பேட்டர் சாவகாசமாகச் சுற்றி வருவார். 19-ஆம் நூற்றாண்டில் அப்படி இல்லை. பெயரில் இருக்கிற மாதிரியே அது ஓட்டம்தான். பல மைதானங்களில் வேலி வெகு தூரத்தில் இருந்தது. பந்து ஃபீல்டர்களுக்கு நடுவே புகுந்து உருண்டு போகும், அவர்கள் துரத்திப் பிடித்து எறிவதற்குள் பேட்டர் தலைதெறிக்க ஓடி வீடு வந்து சேர வேண்டும். நேஷனல் லீக்கின் முதல் ஹோம் ரன்னை 1876 மே 2-ம் தேதி சின்சினாட்டியில் சிகாகோவின் ராஸ் பார்ன்ஸ் அடித்தார். அதுவும் மைதானத்துக்குள்ளேயே ஓடி எடுத்ததுதான்.

இது ஏதோ ஆரம்ப வருஷங்களின் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். 1902-ல் நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்த டாமி லீச் அடித்தது மொத்தம் 6. ஆறும் ஓடி எடுத்தவை. 1909-ல் அமெரிக்கன் லீக்கின் முதலிடம் டை காபுக்கு, 9 ஹோம் ரன்கள். ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை. சாம் கிராஃபோர்டு என்பவர் தன் ஆட்ட வாழ்க்கையில் இப்படி ஓடியே எடுத்தவை மட்டும் 51.

ஆக, அன்றைய ஹோம் ரன் பட்டியல் என்பது பெரும்பாலும் கால் பலத்தின் பட்டியல். கை பலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டிரிபிள் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பந்து ஏன் பறக்கவில்லை?

காரணம் பல. முதல் காரணம் பந்து. ரப்பர் உருண்டையைச் சுற்றி நூல் சுற்றி, மேலே தோல் வைத்துத் தைத்த பந்து. அளவும் எடையும் இன்றைய பந்து மாதிரிதான். ஆனால் ஒரே பந்தை முடிந்தவரை ஆட்டம் முழுக்க வைத்து ஆடினார்கள். கூட்டத்துக்குள் போனால் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். நாலைந்து இன்னிங்ஸ் ஆனதும் அது அடிபட்டு, மண் ஏறி, புகையிலை எச்சில் பட்டுக் கறுத்து, பஞ்சு மூட்டை மாதிரி ஆகிவிடும். எட்டாவது இன்னிங்ஸில் அதை எவ்வளவு பலமாக அடித்தாலும் எவ்வளவு தூரம் போகும்?

இரண்டாவது, ஆடும் முறை. பருமனான கைப்பிடியுள்ள கனமான மட்டை. அதன் அடியைப் பிடிக்காமல் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்து, ஆளில்லாத இடம் பார்த்துத் தட்டுவதுதான் நல்ல ஆட்டம் என்று பேர். பேஸ்பால் எழுத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற ஹென்றி சாட்விக் இந்தக் கட்சிக்குத் தலைவர் மாதிரி. இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்து பேஸ்பாலுக்கு வந்தவர். பந்தை வானத்தில் தூக்கி அடிப்பதில் அவருக்கு மரியாதையே கிடையாது. பார்த்து இடம் போட்டு அடிப்பதுதான் மூளையுள்ள ஆட்டம் என்பது அவர் கட்சி. நம்ம ஊர் பெரியவர்கள் டெஸ்ட் மேட்சையும் இருபது ஓவரையும் ஒப்பிட்டுப் பேசுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் குரல்தான்.

மூன்றாவது, மைதானம். கதையின் மையமே அதுதான்.

சிகாகோவின் வேலி

இன்றைக்கும் பேஸ்பால் மைதானங்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. பேஸ்களுக்கு இடையே 90 அடி என்பது மாறாது, ஆனால் வேலி எங்கே என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு மைதானத்துக்கும் தனியாகச் சில விதிகள். தெரு கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். அந்த வீட்டு காம்பவுண்டுக்குள் போனால் அவுட், டிரான்ஸ்ஃபார்மரில் பட்டால் ரெண்டு ரன் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வோம் இல்லையா, அதேதான்.

ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் ஆடிய லேக்ஃப்ரண்ட் பார்க் நகரத்தின் நடுவே ஏரிக்கரையில் நெருக்கிப் பிடித்த இடம். இடதுபுற வேலி ஹோமிலிருந்து 180 அடி. வலதுபுறம் 196 அடி. நடுவில்கூட 300 அடிதான். இன்றைய பெரிய லீக் மைதானங்களில் இடது வலது மூலைகளே 300 அடிக்கு மேல் இருக்கும். 180 அடி என்பது பேஸ்களைச் சுற்றும் தூரத்தில் சரிபாதி. நல்லபடியாக மேலே எழும்பிய பந்து எதுவும் அந்த வேலியைத் தாண்டிவிடும்.

இது அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. அதனால்தான் 1883 வரை, அந்த வேலியைத் தாண்டிய பந்துக்கு டபுள் மட்டும்தான் என்று அந்த மைதானத்துக்கு விதி வைத்திருந்தார்கள். நியாயமான ஏற்பாடு. அந்த வருஷம் வில்லியம்சன் அடித்த டபுள்கள் 49, அன்றைக்கு அதுவே ஒரு சாதனை. அணி மொத்தமாக அடித்த ஹோம் ரன் 13.

1884-ல் விதியை மாற்றினார்கள். வேலி அங்கேயேதான் இருந்தது. அதைத் தாண்டினால் இனி டபுள் இல்லை, ஹோம் ரன்.

அவ்வளவுதான். 13 இருந்த இடத்தில் 142. வில்லியம்சன் 27, ஃப்ரெட் ஃபெஃபர் 25, ஆப்னர் டால்ரிம்பிள் 22, கேப்டன் கேப் ஆன்சன் 21. லீக்கின் முதல் நான்கு இடங்களும் ஒரே அணிக்கு. மே 30-ம் தேதி வில்லியம்சன் ஒரே ஆட்டத்தில் மூன்று அடித்தார், பெரிய லீக்கில் அப்படி அடித்த முதல் ஆள் அவர்தான். அவருடைய 49 டபுள்கள் 18 ஆகச் சுருங்கின. போனது எங்கே என்று சொல்லத் தேவையில்லை. 27-ல் 25 சொந்த மைதானத்தில் அடித்தவை. வெளியூரில் இரண்டே இரண்டு.

அந்த 142 என்ற அணிச் சாதனையை 1927-ல் ரூத்தும் லூ கெரிக்கும் ஆடிய நியூயார்க் யாங்கீஸ்தான் 158 அடித்து உடைத்தது.

இத்தனை அடித்தும் சிகாகோ அந்த வருஷம் ஜெயிக்கவில்லை. நான்காம் இடம்தான். அடுத்த வருஷம் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வேறு மைதானத்துக்குப் போனார்கள். ஹோம் ரன் கணக்கு 54-க்கு இறங்கியது. அந்த வருஷம் 87 ஆட்டங்களில் ஜெயித்து, 25-ல் மட்டும் தோற்று, பட்டத்தையும் வாங்கினார்கள்!

அழுகுணி ஆட்டமா?

இவ்வளவு தெரிந்ததும் என் முதல் தீர்ப்பு, இது சுத்த அழுகுணி ஆட்டம் என்பதுதான். ஒரு நண்பனிடம் போனில் அப்படித்தான் சொன்னேன். அவன் கேட்டான்: "எதிர் டீம் வந்து ஆடினப்போ வேலியைத் தள்ளியா வெச்சாங்க?"

அடுத்த நாள் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். அவன் கேட்டது சரி. அதே சீசன் கடைசியில் பிலடெல்பியாவின் ஜாக் மானிங் அதே மைதானத்துக்கு வந்து ஒரே ஆட்டத்தில் மூன்று அடித்துவிட்டுப் போயிருக்கிறார். வேலி எல்லாருக்கும் பொதுதான். வில்லியம்சன் விதியை மீறவில்லை, இருந்த விதிக்குள் ஆடினார்.

அப்படியே மற்ற சாதனைகளையும் பார்க்க ஆரம்பித்தேன். வேலியின் தயவு இல்லாத எண் குறைவுதான் போலிருக்கிறது.

1894 மே 30. பாஸ்டனின் வழக்கமான மைதானம் இரண்டு வாரம் முன்பு தீயில் எரிந்துவிட்டதால், காங்கிரஸ் ஸ்ட்ரீட் என்ற தற்காலிக இடத்தில் ஆட்டம். இடது வேலி சுமார் 250 அடி. அன்றைக்கு பாபி லோ ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார், பெரிய லீக்கில் முதல் முறை. அப்படியொன்றும் பெரிய ஆகிருதி இல்லாத ஆள். கூட்டம் வெள்ளிக் காசுகளை வீசிக் கொண்டாடியது. வில்லியம்சன் மூன்று அடித்த அதே தேதி, சரியாகப் பத்து வருஷம் கழித்து.

1914-ல் பிலடெல்பியாவின் காவி கிராவத் 19 அடித்து லீக்கில் முதலிடம். 19-ம் சொந்த மைதானத்தில். அங்கே வலதுபுற வேலி 280 அடிக்கும் குறைவு.

லீக்குக்கும் இந்தச் சிக்கல் புரிந்தே இருந்தது. 1892-ல் ஒரு விதி வந்தது: 235 அடிக்குக் குறைவான வேலியைத் தாண்டினால் டபுள்தான். 1926-ல் அதை 250 அடி ஆக்கினார்கள். லேக்ஃப்ரண்ட் பார்க்கின் 180 அடி வேலி இந்த இரண்டிலுமே தேறாது. ஆனால் விதி முன்தேதியிட்டு வருவதில்லையே!

ரூத்தின் தொலைந்த ஹோம் ரன்

விதி தந்த கதைதான் இதுவரை. விதி பறித்த கதையும் உண்டு.

1918 ஜூலை 8. பாஸ்டனில் கிளீவ்லாந்துக்கு எதிரான ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், இருபக்கமும் ரன் இல்லை. பாஸ்டனுக்கு முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார். பேப் ரூத் அடித்த பந்து நேராகப் பார்வையாளர் இருக்கைகளுக்குள் போய் விழுந்தது. யார் பார்த்தாலும் ஹோம் ரன். ஆனால் அன்றைய விதிப்படி, முதல் பேஸில் இருந்தவர் வீடு வந்து சேர்ந்த அந்த நொடியில் ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் வருவதற்கு எத்தனை பேஸ் தேவையோ அத்தனைதான் பேட்டருக்கு. ரூத்துக்கு எழுதப்பட்டது டிரிபிள். அந்த வருஷம் அவர் 11 ஹோம் ரன்களோடு இன்னொருவருடன் முதலிடத்தைப் பங்குபோட வேண்டியதாயிற்று.

1920-ல் இந்த விதி மாறியது. ஐம்பது வருஷம் கழித்து, 1968-ல், பழைய கணக்குகளைச் சரிபார்க்க ஒரு சிறப்புக் குழு உட்கார்ந்தது. ரூத்துக்கு அந்த ஹோம் ரன்னைக் கொடுத்துவிடலாம் என்று முதலில் முடிவு செய்தார்கள். அப்படிக் கொடுத்தால் அவருடைய 714, 715 ஆகிவிடும். யோசித்துப் பார்த்து அடுத்த வருஷமே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அந்தந்தக் காலத்து விதிப்படி எழுதியது எழுதியதுதான் என்று விட்டுவிட்டார்கள்.

சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. ரூத்துக்கு அந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், வில்லியம்சனிடமிருந்து ஒரு இருபதைப் பிடுங்க வேண்டும். அப்புறம், 1930 வரை தரையில் ஒருமுறை குதித்து வேலியைத் தாண்டிய பந்துக்கும் ஹோம் ரன் கொடுத்திருக்கிறார்கள், அதையெல்லாம் யார் தேடி எடுத்துக் கழிப்பது? ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

மறந்துபோன இரண்டு பேர்

1919-ல் ரூத் அடித்துத் தள்ள ஆரம்பித்தபோது, அவர் முறியடிக்க வேண்டிய எண் எது என்பதே பத்திரிகைக்காரர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. 1899-ல் பக் ஃப்ரீமன் அடித்த 25 என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் தாண்டிய பிறகுதான் யாரோ பழைய ஏட்டைத் தோண்டி வில்லியம்சனின் 27-ஐ எடுத்தார்கள். செப்டம்பர் 24-ம் தேதி நியூயார்க்கில் ரூத் 28-வதை அடித்தார், 29-ல் முடித்தார். அதில் சொந்த மைதானத்தில் 9, வெளியூரில் 20. வில்லியம்சனின் 25-க்கும் 2-க்கும் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள், இரண்டு ஆட்டங்களின் வித்தியாசம் தெரியும். அடுத்த வருஷம் ரூத் 54. அமெரிக்கன் லீக்கில் வேறு எந்த அணியும் மொத்தமாகக்கூட அத்தனை அடிக்கவில்லை.

அந்தப் பழைய ஏட்டைப் பார்க்க வில்லியம்சன் உயிரோடு இல்லை. 1888-89-ல் ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்ற அணி முதலாளி ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றினார். வில்லியம்சனும் போனார். ஆஸ்திரேலியாவிலிருந்து எகிப்து போகிற வழியில் 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, நம்ம பக்கம் வரை வந்திருக்கிறாரே என்று. மார்ச்சில் பாரீசில் ஆடும்போது அவர் முழங்கால் அடிபட்டது. பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. 1894-ல் காலமானார், வயது 36.

இன்னொருவர் ராஜர் கானர். 1880-லிருந்து 1897 வரை ஆடியவர், ஓங்கி வளர்ந்த ஆள். ஒரு சீசனில் அதிகபட்சம் அடித்தது 17. ஆனால் வருஷா வருஷம் விடாமல் அடித்துச் சேர்த்தது 138. கூடவே 233 டிரிபிள். 1886-ல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் அவர் அடித்த பந்து வலதுபுற வேலியைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த பங்குச்சந்தைக்காரர்கள் பணம் திரட்டித் தங்கக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள்.

1921 ஜூலை 18-ம் தேதி டெட்ராய்ட்டில் ரூத் தன் 139-வது ஹோம் ரன்னை அடித்து அந்த 138-ஐத் தாண்டினார். யாரும் கவனிக்கவில்லை. அப்படி ஒரு சாதனை இருந்ததே தெரியாது. கானர் அப்போது கனெக்டிகட்டில் உயிரோடுதான் இருந்தார். இன்னும் பத்து வருஷம் இருந்து 1931-ல் இறந்தார். கல்லறையில் பேர்கூட இல்லை. 1970-களில் ஹாங்க் ஆரன் ரூத்தின் 714-ஐ நெருங்கும்போதுதான், "சரி, ரூத்துக்கு முன்னாடி யார்?" என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 1976-ல் கானருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. கல்லறைக்குக் கல் வைத்தது 2001-ல்.

வேலியின் தயவில் கிடைத்த 27-ஐ யாரோ ஒருவராவது தேடி எடுத்தார்கள். ஓடியும் அடித்தும் பதினெட்டு வருஷம் சேர்த்த 138-க்கு அந்த நேரத்தில் ஆளில்லை. எனக்கு மனசு கஷ்டமானது இங்கேதான்.

அதனால் வில்லியம்சனின் 27-ஐ அடித்துவிட வேண்டும் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். அது இருக்கட்டும். பக்கத்தில் 180 அடி என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். டாமி லீச்சின் 6-க்குப் பக்கத்தில் ஆறும் ஓடி எடுத்தவை என்று ஒரு வரி. கானரின் 138-க்குப் பக்கத்தில் கறுத்துப்போன அந்தப் பந்தைப் பற்றி ஒரு வரி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவனா இவனா என்று சண்டை போடுவதைவிட அது நல்லது.

நண்பனுக்கு மறுபடி போன் பண்ணிச் சொன்னேன். "அப்போ நம்ம தெருவில நான் அடிச்ச சிக்ஸர் எல்லாம் கணக்குல உண்டு" என்றான். காம்பவுண்டு சுவர் எத்தனை அடி என்று அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.